குளிர்காலக் காற்று மாசு: தவறாகப் புரிந்துகொள்ளும் இடங்கள்

குளிர்காலத்தில் காற்றுத் தரக் குறியீடு எகிறியதும் நேற்றைவிட இன்று யார் அதிகம் புகைவிட்டார்கள் என்று தேடத் தொடங்குகிறோம். பெரும்பாலும் வீண்வேலை. அதே வண்டிகள், அதே ஆலைகள்தான். புகை பரவக் கிடைத்த இடம் சுருங்கியிருக்கும்.

வழக்கமாக உயரம் கூடக்கூடக் காற்று குளிரும், கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ். தரையோரச் சூடான காற்று எழும்போது புகையும் கூடவே போய்விடும். மேகமில்லாத நீண்ட இரவில் தரை வேகமாகக் குளிர்ந்து, தன்னை ஒட்டிய காற்றையும் குளிரவைக்கிறது. கீழே குளிர், மேலே வெப்பம்: இதுதான் வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம். பானைக்கு மூடி போட்டதுபோல் புகை அடியிலேயே தங்கிவிடும். டெல்லியில் கோடைப் பிற்பகலில் கிலோமீட்டர் கணக்கில் உயரும் கலப்பு அடுக்கு (தரையிலிருந்து புகை கலந்து பரவக்கூடிய காற்றடுக்கு), குளிர்கால இரவில் சில நூறு மீட்டருக்கும் கீழே இறங்கிவிடுவதுண்டு.

இதனால்தான் அதிகாலைக் காற்று சுத்தமானது என்ற நம்பிக்கை இந்த மாதங்களில் ஆபத்தானது. இரவு முழுக்கச் சேர்ந்த புகை அப்படியே இருக்க, காலைப் போக்குவரத்தும் தொடங்கிவிடுகிறது. வெயில் ஏறித் தரை சூடான பிறகே அடைப்பு உடையும். நடைப்பயிற்சிக்கும் ஜன்னலைத் திறக்கவும் பெரும்பாலும் பிற்பகல்தான் தேவலை. விடியலில் நடந்தே பழகியவர்களுக்கு இது கசக்கும்தான்.

மலை சூழ்ந்த ஊர் என்றால் நல்ல காற்று என்பதும் சரியல்ல. இரவில் சரிவுகளில் வழிந்திறங்கும் குளிர்காற்று பள்ளத்தாக்கில் தேங்குகிறது. பக்கவாட்டிலும் வழி அடைபடுகிறது. காத்மாண்டுவும் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியும் இதில் மாட்டிக்கொள்ளும் நகரங்கள். 1930 டிசம்பரில் பெல்ஜியத்தின் மியூஸ் பள்ளத்தாக்கில் இப்படித் தேங்கிய ஆலைப்புகையால் 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்காகச் சமவெளி தப்பித்தது என்றும் நினைக்க வேண்டாம். லண்டனைச் சுற்றி உயரமான மலைகள் கிடையாது. ஆனாலும் 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை, உயர் காற்றழுத்தமும் அசையாத காற்றும் சேர்ந்து நிலக்கரிப் புகையைத் தரையோடு அழுத்தி, ஆயிரக்கணக்கானோரைக் கொன்றன.

காற்றடித்தால் சரியாகிவிடும் என்கிறோமே, அது எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அறுவடை முடிந்ததும் பஞ்சாப், ஹரியானா வயல்களில் எரியும் வைக்கோலின் புகையை டெல்லிக்குக் கொண்டுவருவது வடமேற்குக் காற்றுதான். ஆனால் மொத்தப் பழியையும் வைக்கோல் மேல் போடுவதும் தவறு. டிசம்பர், ஜனவரியில் அந்தத் தீ அநேகமாக அணைந்திருக்கும், மாசு குறைவதில்லை.

மூடுபனியை வெறும் நீர்த்துளி என்று விடவும் கூடாது. ஈரக்காற்றில் கந்தக டையாக்சைடு போன்ற வாயுக்கள் நுண்துகள்களாக மாறுகின்றன.

அப்புறம், திடீரென வானம் தெளிந்த நாளை, வண்டிகளுக்கோ ஆலைகளுக்கோ போட்ட தடை உத்தரவின் வெற்றியாகக் கொண்டாடுவதும் தவறு. முந்தின நாள் மழை பெய்ததா, காற்று வேகம் கூடியதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரு நடவடிக்கை பலித்ததா என்று அறிய, ஒரே மாதிரி வானிலை இருந்த நாட்களை, பல குளிர்காலங்களோடு சேர்த்து ஒப்பிட வேண்டும்.