ராக், மெட்டல் ஆல்பம் கேட்க ஆரம்பிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த ஐப்பசியில் எங்கள் தெருத் தம்பி ஒருவன் புது ஹெட்போனோடு வீட்டுக்கு வந்தான். கும்பகோணத்தில் கல்லூரி முதல் வருடம் படிக்கிறான். மெட்டாலிகா என்ற அமெரிக்க மெட்டல் குழுவின் 1988ஆம் வருட ஆல்பம் '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' கேட்டுக்கொண்டிருக்கிறான். "அண்ணே, பேஸ் சுத்தமா கேக்கல. இது ரெண்டாவது ஹெட்போன். இதையும் திருப்பி அனுப்பிட்டு இன்னும் விலை கூடினதா வாங்கலாம்னு இருக்கேன்" என்றான். பாட்டின் அடியில் தடித்த குரலில் ஓடும் கிடாரைத்தான் பேஸ் என்கிறான். கையில் இருந்ததன் விலையே 6,500 ரூபாய். அவன் அப்பா குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, காத்துக் கிடந்து வாங்கிய பணம் அது.

எனக்கு வயிறு எரிந்தது. இதே ஆல்பத்துக்காக இதே தவறை 1999இல் நான் செய்திருக்கிறேன். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் பாட்டு கேட்க ஆரம்பித்த ஐந்தாறு பேராவது செய்து பார்த்திருக்கிறேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அட்டைப்படத்தைப் பார்த்துப் பயப்படுவது, ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு முழு ஆல்பத்துக்கும் தீர்ப்பு சொல்வது போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

அடுத்தவர் பட்டியலை முடித்துக் காட்டுவது

'எல்லாக் காலத்துக்குமான சிறந்த 100 ஆல்பம்' என்று ஏதாவது ஒரு பட்டியலை எடுத்துக்கொண்டு நாளுக்கு மூன்று என்று கேட்டுத் தள்ளுவார்கள். மாதக் கடைசியில் கேட்டால் ஒரு ஆல்பத்தின் பெயர்கூட மனதில் நின்றிருக்காது. நானும் கல்லூரி நாட்களில் நோட்டு போட்டு டிக் அடித்திருக்கிறேன். அந்த வருடத்தில் கேட்டவற்றில் பாதியைப் பின்னால் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது.

மாதத்துக்கு ஒரு ஆல்பம் போதும், ஆனால் அதோடு குடியிருங்கள். எங்கே தொடங்குவது என்று கேட்டால் பிளாக் சபாத்தின் முதல் ஆல்பத்தைச் சொல்வேன். 1970 பிப்ரவரியில் வந்தது. ஏறக்குறைய ஒரே நாளில் பதிவு செய்து முடித்தார்கள். மழை, இடி, தூரத்து மணி, அப்புறம் மூன்றே மூன்று ஸ்வரம். கீழ் ஷட்ஜம், மேல் ஷட்ஜம், அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்யமம். பாட்டு கற்றுக்கொண்ட வீடுகளில் இந்த மூன்றையும் பாடிக் காட்டினால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். கிடார் வாசித்த டோனி அயோமி பர்மிங்காமில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 17 வயதில் இயந்திரத்தில் சிக்கி வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. இடது கைப் பழக்கக்காரர் என்பதால் தந்தியை அழுத்துகிற கையே அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்து மாட்டிக்கொண்டார். பின்னால் தந்திகளைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். மெட்டல் கிடாரின் அந்தக் கனத்த குரலில் இந்தக் கைக்கும் பங்கு உண்டு. இதெல்லாம் நாளுக்கு மூன்று ஆல்பம் ஓட்டினால் காதில் விழாது.

ஷஃபிள் போட்டு, பாட்டு வரிசையைக் கலைத்துக் கேட்பது

பிங்க் ஃபிளாய்டின் 1973ஆம் வருட 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' இதயத் துடிப்பில் தொடங்கி இதயத் துடிப்பில் முடிகிறது. நடுவில் ஒரு பாட்டு அடுத்த பாட்டுக்குள் போய்க் கலந்துவிடும். 1973இலிருந்து 1988 வரை அமெரிக்கப் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் மொத்தம் 741 வாரம் இருந்த ஆல்பம் அது. அதைக் கலைத்துப் போட்டு, நடுவில் விளம்பரமும் வந்தால் என்ன மிஞ்சும்? டிரீம் தியேட்டரின் 'சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி' (1999), குவீன்ஸ்ரைக்கின் 'ஆபரேஷன்: மைண்ட்கிரைம்' (1988) இரண்டும் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒரே கதை. கூத்தில் ஐந்தாவது காட்சியை முதலில் போட்டால் யாராவது உட்கார்ந்து பார்ப்பார்களா?

ஆல்பத்தின் குணத்தைக் கருவியின் கோளாறு என்று நினைப்பது

இதுதான் பணத்தைத் தின்கிற தவறு.

1999இல் நான் கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடையில் வேலை பார்த்தேன். மாதச் சம்பளம் 1,800 ரூபாய். தஞ்சாவூரில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் சொல்லிவைத்து 'ஜஸ்டிஸ்' ஆல்பத்தை 90 நிமிடக் கேசட்டில் பதிந்து வாங்கினேன். 65 நிமிட ஆல்பம். கிடார் கத்தி மாதிரி வந்தது, டிரம்ஸ் ஆணி அடிக்கிற மாதிரி வந்தது, பேஸ் கிடார் மட்டும் இல்லை. கேசட்டில் ஏற்றியவர்தான் சரியாகச் செய்யவில்லை என்று நினைத்துச் சென்னையிலிருந்து ஒரிஜினல் கேசட் வரவழைத்தேன். அதிலும் இல்லை. டேப்பின் ஹெட்டை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தேன். பஞ்சில் காவியாக அழுக்கு வந்ததும் ஆள் சிக்கினான் என்று சந்தோஷப்பட்டேன். திரும்பப் போட்டால் கிடார் இன்னும் கூர்மையாகக் கேட்டது, பேஸ் அப்படியே இல்லை. ஈக்வலைசரில் பேஸ் குமிழை முழுக்க ஏற்றினேன். டிரம்ஸின் உதை மட்டும் பூதம் மாதிரி இடித்தது.

கடைசியில் தீபாவளி போனஸ், சீட்டு எடுத்த பணம், அக்காவிடம் கைமாற்று எல்லாம் சேர்த்து 11,000 ரூபாய்க்கு ஆம்ப்ளிஃபயரும் 12 இஞ்ச் ஊஃபர் (அடிக்குரலுக்கான பெரிய ஸ்பீக்கர்) வைத்த இரண்டு பெட்டியும் வாங்கினேன். கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டது. கேசட்டைப் போட்டேன். பேஸ் இல்லை.

கோயில் திருவிழாக்களுக்கு மைக்செட் போடுகிற ஒருவர் எங்கள் பக்கத்தில் இருந்தார். பெட்டியில் கோளாறு என்று அவரைக் கூப்பிட்டேன். அவர் தன் பையிலிருந்து ஒரு சினிமாப் பாட்டுக் கேசட்டை எடுத்துப் போட்டார். ஜன்னல் கம்பி அதிர்ந்தது, சுவாமி படத்து மாலை ஆடியது. அதை நிறுத்திவிட்டு என் கேசட்டைப் போட்டார். பெட்டியின் முன்துணியைக் கழற்றி, ஊஃபர் கோனின் ஓரத்தில் ஆள்காட்டி விரலை லேசாக வைத்துக்கொண்டு ஒரு பாட்டு முழுக்க நின்றார். "பெட்டில ஒண்ணும் இல்ல தம்பி. பாட்டுலயே அது இல்ல" என்றார். போகும்போது காசு வாங்க மறுத்துவிட்டார்.

அவர் சொன்னதுதான் உண்மை. 1986 செப்டம்பரில் மெட்டாலிகாவின் பேஸ் கலைஞர் கிளிஃப் பர்டன் ஸ்வீடனில் பஸ் விபத்தில் இறந்துபோனார். அவர் இடத்துக்கு வந்தவர் ஜேசன் நியூஸ்டெட். அவர் வாசித்த முதல் முழு ஆல்பம் இது. தனித்தனியாகப் பதிந்த ஒலிகளைச் சேர்த்து அளவு வைக்கிற மிக்ஸிங்கில் அவருடைய பேஸைக் காதுக்கே எட்டாத அளவுக்கு இறக்கிவிட்டார்கள். டிரம்ஸ் வாசிக்கும் லார்ஸ் உல்ரிக் அப்படிக் கேட்டார் என்று மிக்ஸிங் செய்தவர்களில் ஒருவரான ஸ்டீவ் தாம்சன் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். போதாததற்குப் பல இடங்களில் பேஸ் கிடாரோடு கூடவே ஒரே ஸ்வரத்தில் போகும். கிடாரின் அடிக்குரலும் தடிமன். எனவே உள்ளே இருக்கிற கொஞ்சமும் அதற்குள் புதைந்துவிடும். எந்த ஹெட்போனும் இதைத் தோண்டி எடுக்காது. எனக்கு இன்றும் மிகப் பிடித்த ஐந்து ஆல்பங்களில் இது இருக்கிறது. அந்த வறட்சியே அதன் குணம் என்று புரிந்த பிறகு இன்னும் பிடித்தது.

இந்த ஒரு ஆல்பத்தோடு விஷயம் முடியவில்லை. அதே குழுவின் 'டெத் மேக்னெடிக்' (2008) சிடியைப் போட்டால் உரத்த இடங்களில் கரகரவென்று கிழியும். ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களை எனக்குத் தெரியும். ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருக்கிறது. மெல்லிய சத்தத்தையும் பெரிய சத்தத்தையும் ஒரே உயரத்துக்கு இழுத்து, தாங்கும் எல்லைக்கும் மேலே தள்ளிப் பதிந்திருக்கிறார்கள். அப்போது 'கிடார் ஹீரோ' என்ற வீடியோ கேமில் வந்த இதே பாட்டுகள் இப்படி நசுங்காமல் இருந்ததால்தான் ரசிகர்களுக்கு வித்தியாசம் தெரிந்தது. 'செயின்ட் ஆங்கர்' (2003) கேட்டால் ஸ்னேர் டிரம் தகர டின்னைத் தட்டுகிற மாதிரி ஒலிக்கும். அதுவும் அவர்கள் வைத்ததுதான்.

நார்வேக் குழுவான டார்க்துரோனின் 'டிரான்சில்வேனியன் ஹங்கர்' (1994) வேறு மாதிரி. பக்கத்து ஊர் ரேடியோ இரைச்சலுக்கு நடுவே கேட்பது போலிருக்கும். நான்கு டிராக் கருவியில் வீட்டிலேயே பதிந்தார்கள், அந்தக் குளிரும் இரைச்சலும் வேண்டும் என்றே விட்டார்கள். அதைச் சுத்தமாகக் கேட்கப் பணம் செலவழிப்பது பனியைத் துடைத்துவிட்டு மார்கழியைப் பார்க்க ஆசைப்படுவது.

பணத்தை எடுப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். நான் மேலே சொன்ன பிளாக் சபாத் முதல் ஆல்பத்தில் 'என்.ஐ.பி.' பாட்டுக்கு முன்னால் கீசர் பட்லர் தனியாகப் பேஸ் வாசிப்பார். அப்புறம் அயர்ன் மெய்டனின் 'தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்' (1982). அதில் ஸ்டீவ் ஹாரிஸின் பேஸ் குதிரை ஓட்டமாக முன்னால் வரும். மூன்றாவதாக மெட்டாலிகாவே 1991இல் போட்ட கறுப்பு அட்டை ஆல்பம். அதில் அதே நியூஸ்டெட் தெளிவாகக் கேட்பார். இந்த மூன்றிலும் பேஸ் வந்தால் உங்கள் கருவி நன்றாக இருக்கிறது. அந்தத் தம்பியை என் திண்ணையில் உட்காரவைத்து மூன்றையும் வரிசையாகப் போட்டுக் காட்டினேன். அவன் திருப்பி அனுப்பிய முதல் ஹெட்போனே போதுமானதாக இருந்திருக்கும்.

வார்த்தை புரியவில்லை என்று விட்டுவிடுவது

தவிலும் நாதஸ்வரமும் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்கள் இதைச் சொல்லும்போது எனக்கு ஆதங்கமாக இருக்கும். தனி ஆவர்த்தனத்தில் நாம் என்ன வார்த்தையைக் கேட்கிறோம்?

டூல் குழுவின் 2001ஆம் வருட ஆல்பம் 'லாட்டரலஸ்'. அதே பெயரில் உள்ள பாட்டை எங்கள் தெருவில் தவில் வாசிக்கும் பெரியவரிடம் ஒரு நாள் போட்டுக் காட்டினேன். முதலில் முகம் சுளித்தார். இரண்டாவது நிமிடத்தில் வலது கை தொடைக்குப் போய்விட்டது. நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னார். திரும்பப் போடச் சொன்னார். "தகதிமி தக தகிட, தகதிமி தகஜுணு, தகிட தகதிமி" என்று சொல்லிப் பார்த்தார். ஒன்பது, எட்டு, ஏழு. "மொத்தம் இருபத்துநாலு. ஆதி தாளம் மூணு ஆவர்த்தனத்துல சமத்துக்கு வந்துடுதே" என்றார். நான் எத்தனையோ வருடம் கேட்ட பாட்டு. எனக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தப் பாட்டின் வரிகளிலும் கணக்கு உண்டு. அசைகள் 1, 1, 2, 3, 5, 8 என்று பெருகி 5, 3 என்று இறங்கும். ஃபிபொனாச்சி தொடர் அது. 9, 8, 7 என்ற மூன்று இலக்கங்களை அடுத்தடுத்து எழுதினால் வரும் 987ம் அதே தொடரில் உள்ள எண். இதைச் சொன்னதும் பெரியவர், "அது ஸ்ரோதோவஹ யதி. ஆறு மாதிரி போகப் போக அகலும்" என்றார். மெட்டல் கேட்க வருகிறவர்களிடம் இப்போது நான் முதலில் சொல்வது இதுதான். தொடையில் தாளம் போட்டுக்கொண்டு கேளுங்கள்.

சத்தத்தை முழுக்க வைப்பது

வேண்டாம். போன காது திரும்பி வராது.

அலறல் குரலைக் கேட்டதும் ஓடுவது

மூன்று முறை கேட்டுவிட்டு ஓடுங்கள்.

பாட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் விடுவது

லெட் செப்பெலின் 1971இல் போட்ட நான்காவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'வென் தி லெவீ பிரேக்ஸ்'. ரசிகர்கள் அதன் டிரம்ஸைப் பற்றித்தான் பேசுவார்கள். இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் மாடிப்படிக் கூடத்தில் டிரம்ஸை வைத்து, மேலே படிக்கட்டிலிருந்து மைக்கைத் தொங்கவிட்டுப் பதிந்தார்கள். அந்த முழக்கம் அந்த வீட்டுச் சுவர்களின் முழக்கம்.

ஆனால் தலைப்புக்கு என்ன அர்த்தம் என்று இங்கே பலர் கேட்பதே இல்லை. கரை உடையும்போது என்று அர்த்தம். 1927இல் மிசிசிப்பி ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊர்களை மூழ்கடித்தது. அதைப் பற்றி மெம்பிஸ் மின்னியும் கான்சஸ் ஜோ மெக்காயும் 1929இல் பாடிய புளூஸ் பாட்டுதான் மூலம். 1924ஆம் வருடக் காவிரி வெள்ளத்தை இன்னும் வீட்டில் கதையாகச் சொல்கிற ஊர் இது. இங்கே உட்கார்ந்துகொண்டு அதை வெறும் டிரம்ஸ் பாட்டாகக் கேட்டுவிட்டுப் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையில் மதகுகள் உடைந்தன. கொள்ளிடத்தில் தண்ணீர் கரைக்குக் கரை போனது. மணல் மூட்டை அடுக்கிய இடத்தைப் பார்த்துவிட்டு வந்து, ராத்திரி அந்தப் பாட்டைப் போட்டேன். அப்பா திண்ணையில் படுத்திருந்தார். நான் கேட்கிற எதையும் அவர் விசாரித்ததில்லை. அன்று மட்டும் எழுந்து உட்கார்ந்து, "என்னடா பாட்டு இது, தண்ணி வர்ற மாதிரி இருக்கு" என்றார். கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த ஊர்ல கரை மண் கரையா, கல் கட்டினதா?" என்றார்.

"மண் கரைதாம்பா."

"அப்ப உடையத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு, பாட்டு முடிகிற வரை படுக்காமல் உட்கார்ந்திருந்தார்.