மீனைச் சாகவிடாமல் தோட்டக் குளத்தைச் சுத்தம் செய்வது எப்படி? பெங்களூரு வீடுகளுக்கான செய்முறை

தண்ணீரை மோட்டார் வைத்து முழுக்க இறைப்பது, மீன்களை வாளியில் அள்ளிப் போடுவது, சுவரை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ப்பது, சாயங்காலத்துக்குள் புதுத் தண்ணீர் நிரப்புவது. பெங்களூரில் குளம் உள்ள பல வீடுகளில் இது ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் சடங்கு. மறுநாள் காலையில் இரண்டு மீன் மிதக்கும். "புதுத் தண்ணீர் சேரவில்லை" என்று தோட்டக்காரர் சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

சேராமல் போனதற்குக் காரணம் அந்தத் தேய்ப்புதான். மீனின் கழிவிலிருந்தும் செவுளிலிருந்தும் அம்மோனியா நீரில் கலந்துகொண்டே இருக்கிறது. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது. இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட் அதிகம் சேர்ந்தால்தான் தொல்லை. செடிகளுக்கோ அது உரம். இந்த பாக்டீரியாக்கள் குடியிருப்பது சுவரின் வழவழப்பிலும் கூழாங்கற்களிலும் ஃபில்டர் பஞ்சிலும். அதைச் சுரண்டிப் பளபளப்பாக்கிவிட்டால் மறுபடி வளர ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம். அதுவரை மீன் தன் கழிவிலேயே மூச்சுவிட வேண்டும். ஆகவே குளத்தைக் காலி செய்யாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள்.

முதல் படி: குளத்தில் எத்தனை லிட்டர்?

நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அடிக்கணக்கில் பெருக்கி, அதை 28-ஆல் பெருக்குங்கள். 8 அடி நீளம், 5 அடி அகலம், 2 அடி ஆழம் என்றால் 80 கன அடி. ஏறக்குறைய 2,240 லிட்டர். இந்த எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். பம்பு வாங்கவும் மருந்து போடவும் இதுதான் கணக்கு. குளத்து நீர் முழுவதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது ஃபில்டர் வழியாகச் சுற்றிவர வேண்டும். கோய் மீன் வளர்ப்பவர்கள் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: புதுத் தண்ணீரை முந்தின நாளே பிடித்து வையுங்கள்

காவிரித் தண்ணீரில் குளோரின் உண்டு. செவுளுக்கும் ஆகாது, பாக்டீரியாவுக்கும் ஆகாது. வாய் அகன்ற டிரம்களில் பிடித்து, மூடாமல் ஒரு நாள் வெயில் பட வைத்தால் குளோரின் பெரும்பாலும் பறந்துவிடும். அவசரம் என்றால் மீன் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியை, பாட்டிலில் போட்டிருக்கும் அளவுப்படி, டிரம்மிலேயே கலந்துவிடுங்கள். குளத்தில் ஊற்றிவிட்டு மருந்தைத் தேடுவது தலைகீழ் வேலை.

போர்வெல் தண்ணீரில் குளோரின் தொல்லை இல்லை, ஆனால் பல இடங்களில் அது கடினநீர். காரத்தன்மை கூடிய நீரில் அதே அளவு அம்மோனியா இன்னும் கடுமையாகத் தாக்கும். டேங்கர் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது வாரத்துக்கு வாரம் மாறலாம். அதைச் சோதிக்காமல் ஊற்றாதீர்கள். அம்மோனியா, நைட்ரைட், பி.எச். மூன்றையும் பார்க்கும் சோதனைப் பெட்டி ஒன்று வீட்டில் இருக்கட்டும். குளத்தில் முதல் இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும், பி.எச். 7 முதல் 8.5 வரை இருந்தால் கவலை இல்லை. அது அடிக்கடி ஏறி இறங்குவதுதான் மீனுக்கு ஆகாது.

மூன்றாம் படி: தண்ணீர் மாற்றும் நாள்

விடிந்ததும் ஆரம்பிக்காதீர்கள். இரவெல்லாம் செடியும் பாசியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால் அதிகாலையில்தான் அது மிகக் குறைவு. வெயில் ஏறி ஒன்பது மணிக்கு மேல் தொடங்குங்கள். பம்பின் பிளக்கை முதலில் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. ஈரக் கையோடு செய்யும் வேலை இது. அந்த இணைப்பில் மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் பிரேக்கர் இல்லையென்றால், முதல் செலவு அதுவாக இருக்கட்டும்.

வலையால் மேலே மிதக்கும் இலைகளை அள்ளுங்கள். ஆண்டின் முதல் சில மாதங்களில் டபேபுயா பூத்துக் கொட்டும் தெருக்களில் இது தினசரி வேலை. இளஞ்சிவப்பாக மிதக்கும்போது அழகுதான். மூன்றாம் நாள் அடியில் போய் அழுகத் தொடங்கும்.

அடுத்து அடிச்சேறு. பத்து அடி நீளமுள்ள தோட்டக் குழாயைக் குளத்துக்குள் முழுக்க அமிழ்த்தி, உள்ளே காற்று இல்லாமல் நிரப்புங்கள். ஒரு முனையைக் கட்டைவிரலால் அடைத்து வெளியே எடுத்து, குளத்தின் அடிமட்டத்தைவிடத் தாழ்வான இடத்தில் விடுங்கள். விரலை எடுத்ததும் தண்ணீர் தானாக ஓடும். உள்ளே இருக்கும் முனையைச் சேற்றுக்கு ஓர் அங்குலம் மேலே பிடித்து, மெதுவாக நகர்த்துங்கள். குழம்பாக, கறுப்பாக வரும். வேகமாகக் கிளறினால் சேறு குளமெங்கும் எழும்பும், அழுகிய முட்டை நாற்றமும் வரும். அந்த வாயு மீனுக்கு நஞ்சு. ஒரே நாளில் பாதிச் சேறு போதும். மீதியை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.

மேலே சொன்ன 2 அடிக் குளத்தில் நீர்மட்டம் 5 அங்குலம் இறங்கியதும் நிறுத்துங்கள். ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடுவது பாவம்; கறிவேப்பிலைக்கும் வாழைக்கும் அதைவிட நல்ல உரநீர் இல்லை. 2024 மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சம் முற்றியபோது, குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்ற இந்த ஊரில் தடை போட்டார்கள். மீறினால் 5,000 ரூபாய் அபராதம். குளம் வைத்திருப்பவர்கள் குளத்து நீரிலேயே தோட்டத்தையும் காப்பாற்றிக்கொள்ளலாம்.

டிரம் தண்ணீரை மெதுவாக, ஓர் ஓரமாக ஊற்றுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை இப்படிச் செய்தால் பெரும்பாலான குளங்களுக்குப் போதும்.

நான்காம் படி: ஃபில்டர் பஞ்சு

குழாயடியில் கழுவக் கூடாது. குளத்து நீரை ஒரு வாளியில் எடுத்து அதில் கழுவ வேண்டும். முதல் பிழியலில் காபி டிகாஷன் நிறத்தில் வரும், இரண்டாவதில் சற்றுத் தெளியும். அங்கேயே நிறுத்துங்கள். பஞ்சு இன்னும் பழுப்பாகத்தான் இருக்கும். இருக்கட்டும், பாக்டீரியாவின் வீடு அது. சோப்பு வேண்டவே வேண்டாம். தண்ணீர் மாற்றிய அதே நாளில் பஞ்சையும் கழுவாமல் ஒரு வாரம் தள்ளிக் கழுவுவது இன்னும் நல்லது.

தண்ணீர் பச்சையாகிறதே?

நீளமாக நூல் நூலாக வளரும் பாசி என்றால், சொரசொரப்பான குச்சியில் சுற்றி இழுத்துவிடுங்கள். தண்ணீரே பச்சையாக இருந்தால் வெயிலும் உணவும் அதிகம் என்று அர்த்தம். மேற்பரப்பில் பாதிக்கு மேல் அல்லி இலைகளோ மிதவைச் செடிகளோ மூடினால் பச்சை வடியும். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடச் சொல்பவர்கள் உண்டு. பாசி செத்துவிடும், உண்மைதான். ஆனால் செத்த பாசி அழுகும்போது ஆக்சிஜனைத் தின்றுவிடும், மயில்துத்தம் மீனையும் விடாது.

ஆக்சிஜன் விஷயத்தை அலட்சியம் செய்யாதீர்கள். 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. நீரில் ஆக்சிஜன் குறைந்துபோனது காரணமாகச் சொல்லப்பட்டது. நீர் சூடாகச் சூடாக ஆக்சிஜன் கரைவது குறையும், மீனின் தேவையோ கூடும். மார்ச் முதல் மே வரை பம்பை இரவிலும் ஓட விடுங்கள். மின்சாரச் செலவைப் பார்த்து இரவில் அணைப்பவர்கள், அணைக்கக் கூடாத நேரத்தில் அணைக்கிறார்கள். மீன்கள் காலையில் மேலே வந்து வாயைப் பிளந்தால் அது பசி என்று தீனி போடாதீர்கள். உடனே நீரில் காற்றுக் கலக்கும் வழியைப் பாருங்கள்.

தீனி இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுதான். டிசம்பர், ஜனவரி இரவுகளில் இங்கே 15 டிகிரி வரை இறங்குவது வழக்கம். அப்போது தங்கமீனுக்கும் கோய்க்கும் செரிமானம் மந்தம். தீனியைக் குறைத்து, வெயில் ஏறியபின் போடுங்கள்.

குளத்தில் கொசு வராதா என்று அக்கம்பக்கத்தார் கேட்பார்கள். மீன் இருக்கும், நீர் அசையும் குளத்தில் புழு தேறாது. செடித் தொட்டியின் தட்டிலும் புதுத் தண்ணீர் பிடித்த டிரம்மிலும்தான் தேறும். டிரம்மைக் கொசுவலையால் மூடுங்கள், காற்று போகும். செடிகளுக்கிடையில் பெரிய மீன் எட்டாத மூலைகள் இருந்தால் சில கப்பி மீன்களை விடலாம். அவை சீக்கிரமே பெருகும். கூடிப்போனவற்றைத் தொட்டி வைத்திருப்பவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். ஏரியில் கொண்டுபோய் விடாதீர்கள். குளத்திலிருந்து களைந்த வெங்காயத் தாமரையையும் அப்படித்தான்: நன்றாகக் காயவைத்து உரக்குழியில் போடுங்கள். ஏரிகளில் ஏற்கெனவே வேண்டிய மட்டும் இருக்கிறது.