கடலூரிலிருந்து பாண்டிக்கு, பஸ்ஸிலேயே

காலையில் கடலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் முதலில் பாடலீசுவரர் கோயிலுக்கு நடந்துவிடுங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளிய அப்பர் கரையேறியது இந்தத் திருப்பாதிரிப்புலியூரில்தான் என்பது ஐதீகம்.

அப்புறம் பாண்டி பஸ். சில்லறை எடுத்து வையுங்கள். நேராகப் பாண்டிக்கு டிக்கெட் வாங்காமல் அரியாங்குப்பத்தில் இறங்குங்கள். அங்கிருந்து ஆட்டோ பிடித்தால் அரிக்கமேடு. 1945இல் தொல்லியல் அறிஞர் வீலர் தோண்டியபோது ரோமானிய மதுச்சாடித் துண்டுகள் கிடைத்த இடம். இன்று மரநிழலில் பழைய செங்கல் சுவர்தான் மிச்சம். எனக்கு அதுவே போதும். என் அக்காதான், "இதுக்கா இவ்வளவு தூரம்?" என்றாள்.

தண்ணீர் பாட்டில் கட்டாயம். பக்கத்தில் கடை தேடி நான் அலைந்திருக்கிறேன்.

சாயங்காலம் பாண்டியில் மணக்குள விநாயகர், கடற்கரை. அங்கெல்லாம் நடைதான் சரி.