கஷ்டமான நாட்களில் விசுவாசப் பாடம் தேடுவது எப்படி?

முதலில் ஒன்று: வலி புதிதாக இருக்கும்போது பாடம் தேடாதீர்கள். வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 19-ல், எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே "போதும்" என்று சாகக் கேட்டபோது தூதன் பிரசங்கம் எதுவும் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தந்தான், அவர் மறுபடி படுத்துக்கொண்டதும் இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். கர்த்தர் அவரோடு பேசியது அதற்கப்புறம்தான். நீங்களும் சாப்பிடுங்கள், தூங்குங்கள்.

அப்புறம் ஒரு நோட்டில் அன்று நடந்த ஒரே ஒரு சின்ன விஷயத்தை எழுதி, 'இதில் தேவன் எப்படிப்பட்டவர் என்று தெரிகிறது?' எனக் கேளுங்கள். இயேசுவே காணாமற்போன ஒரு வெள்ளிக்காசை ஒரு பெண் தேடிக் கண்டுபிடிப்பதை வைத்துத்தான் பரலோகத்தின் சந்தோஷத்தைச் சொன்னார் (லூக்கா 15). ஒரு ராத்திரி வீட்டுச் சாவிக்காகக் கட்டிலுக்கடியில் டார்ச் அடித்துத் தவழ்ந்தபோது முழங்கால் எரிந்தது; தேடுகிறவருக்கும் வலிக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பதிலே வரவில்லையா? சரி, சங்கீதம் 13-ஐச் சத்தமாக வாசியுங்கள், ஆறே வசனம். "எதுவரைக்கும்" என்ற இடத்திலேயே நின்றுவிட்டாலும் அதுவும் ஜெபம்தான்.

அடுத்தவர் வேதனைக்கு மட்டும் நீங்கள் பாடம் சொல்லப் போகாதீர்கள். வேதாகமத்தில் எல்லாம் இழந்து தவித்த யோபின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்களே, அதைச் செய்யுங்கள்.