காலி இடத்துல மரம் செடி வைக்கணுமா? க்ரைம் கூடாம இருக்க இப்படி பண்ணுங்க

மரம் செடி வச்சா தப்பு பண்றவனுக்கு ஒளிய இடம் கிடைக்கும், வெட்டிப் போடுங்கன்னு சொல்ற ஆளு எல்லா ஏரியாவிலயும் ஒருத்தர் இருப்பாரு. அவர் சொல்றது முழுசா தப்பு இல்ல, ஆனா மரத்து மேல போடற பழில பாதி பராமரிப்பு மேல போட வேண்டியது. சிகாகோல ஐடா பி வெல்ஸ்னு ஒரு அரசு குடியிருப்பு இருந்துச்சு, அங்க 98 பில்டிங்க போலீஸ் ரெக்கார்டோட வச்சு பாத்த ஆய்வு 2001ல வந்துச்சு, சுத்தி மரமும் புல்லும் நிறைய இருந்த பில்டிங்ல, மொட்டையா நின்னதுகள விட க்ரைம் பாதிக்கு பாதி கம்மி.

சரி, எங்க ஆரம்பிக்கறது? பெரிய பார்க் கனவெல்லாம் அப்புறம், முதல்ல குப்பை கொட்டற காலி மனைய பிடிங்க. ஃபிலடெல்ஃபியால 541 காலி மனைகள குலுக்கல் மாதிரி பிரிச்சு, சிலதுல குப்பைய அள்ளி மண்ண சமமாக்கி புல் விதைச்சு கொஞ்சம் மரம் நட்டு குட்டையா மரக்கட்டை வேலி போட்டாங்க, சிலத சும்மா சுத்தம் மட்டும் பண்ணாங்க, மீதிய அப்படியே விட்டாங்க. 2018ல ரிசல்ட் வந்துச்சு, ஏழைங்க அதிகம் இருக்கற பகுதிகள்ல துப்பாக்கி வன்முறை 29% குறைஞ்சிருந்துச்சு. அந்த குட்டை வேலிய சாதாரணமா நினைக்காதீங்க, வண்டி உள்ள வந்து குப்பை கொட்ட முடியாது ஆனா மனுஷன் நடந்து வரலாம், அதோட இந்த இடத்த யாரோ பாத்துக்கறாங்கன்னு தூரத்துல இருந்தே தெரியும்.

அடுத்தது பார்வை, இதுலதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. புதர்ச்செடிய 3 அடிக்கு மேல வளர விடாதீங்க, மரத்தோட கீழ் கிளைகள 7 அடி வரைக்கும் கழிச்சு விடுங்க, நடுவுல உள்ள அந்த இடைவெளில ரோட்டுல போறவங்க கண்ணு உள்ள போகணும். அமெரிக்காவோட போர்ட்லேண்ட்ல பண்ண ஆய்வுலயும் இதான், பெரிய மரம் இருந்த வீட்டுப் பக்கம் க்ரைம் கம்மி, ஜன்னல மறைக்கற சின்ன மரம் இருந்த எடத்துல க்ரைம் அதிகம். அழகுக்குன்னு வாசல் ரெண்டு பக்கமும் அடர்த்தியா வேலிச்செடி வைக்கறது எனக்கு சுத்தமா பிடிக்காது, நடந்து வர்றவங்களுக்கு அந்தப் பக்கம் யார் நிக்கறாங்கன்னே தெரியாது. விளக்குக் கம்பம் எங்கன்னு பாத்துட்டு மரம் நடுங்க, இல்லன்னா அஞ்சு வருஷம் கழிச்சு கிளை லைட்ட மூடிக்கும், அப்ப மரத்த வெட்டுன்னு கிளம்புவாங்க.

ஆளுங்க வந்து உக்காரலன்னா மேல சொன்னதெல்லாம் பண்ணியும் பெருசா பிரயோஜனம் இல்ல. நியூயார்க் பிரையன்ட் பார்க் ஒரு காலத்துல போதை மருந்து விக்கற இடம், ரோட்ட விட உயரமா, சுத்தி வேலிச்செடி மறைச்சு உள்ள என்ன நடக்குதுன்னே தெரியாம இருந்துச்சு. 1988ல பார்க்க மூடி, மறைப்பெல்லாம் எடுத்து, வாசல்கள அதிகமாக்கி, இழுத்துப் போட்டுக்கற நாற்காலி போட்டு 1992ல திறந்தாங்க, கூட்டம் வந்துச்சு, போதை வியாபாரிங்க போயிட்டாங்க. பெஞ்ச், சாப்பாட்டுக் கடை, குழந்தைங்க விளையாடற இடம் எது வச்சாலும் ரோட்டுப் பக்கமா வைங்க, பின்னாடி மூலைல வேணாம்.

பணத்த பத்தி ஒண்ணு, நடறதுக்கு மட்டும் வசூல் பண்ணாதீங்க, புல் வெட்டறதுக்கும் குப்பை அள்ளறதுக்கும் ரெண்டு மூணு வருஷ செலவ முதல்லயே ஒதுக்கி வச்சுட்டு மீதில எத்தனை மரம் வருதோ அத்தனை நட்டா போதும்.

வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அந்த தெருவோட போலீஸ் புகார் கணக்க கேட்டு வாங்கி வைங்க, மரம் வைக்காத அதே மாதிரி இன்னொரு தெருவோடதும் வேணும், ஏன்னா ஊர் முழுக்க குறைஞ்சா அது உங்க மரத்தால இல்ல. பக்கத்து தெருவுல கூடியிருக்கான்னும் பாருங்க, அங்க கூடியிருந்தா பிரச்சனை இடம்தான் மாறியிருக்கு.