திறமூலத் திட்டத்தில் கமிட் உரிமை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாலு நல்ல பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்பியவருக்கு உடனே எல்லா உரிமையையும் கொடுத்துவிடுவது திறமூலத் திட்டங்களில் சகஜம். ஆள் பற்றாக்குறை அப்படி. ஆனால் நிரலைத் திருத்தும் உரிமை, அதாவது கமிட் உரிமை, வேறு; ரிலீஸை, அதாவது பயனர்களுக்குப் போகும் பதிப்பை, வெளியிடும் உரிமை வேறு. இரண்டையும் ஒரே மூச்சில் கொடுப்பதுதான் பெரிய தவறு.

2018-இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் களஞ்சியம்) தொகுப்பில் இதுதான் நடந்தது. பராமரிக்க நேரமில்லாத அதன் உரிமையாளர், உதவ முன்வந்த முன்பின் தெரியாத ஒருவரிடம் வெளியிடும் உரிமையையும் ஒப்படைத்தார். வந்தவர் புதிதாக ஒரு சார்புத் தொகுப்பை (அது இயங்கத் தேவையான இன்னொரு தொகுப்பை) சேர்த்து, அதன் வழியே பிட்காயின் வாலட் ஒன்றைக் குறிவைக்கும் திருட்டு நிரலை நுழைத்துவிட்டார்.

2024-இல் எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் விவகாரம் இதைவிட நிதானமானது. இரண்டு ஆண்டுக்கு மேல் ஒழுங்காகப் பங்களித்து நம்பிக்கை சம்பாதித்த ஒரு கணக்கு, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (ரகசிய நுழைவழி) வைத்தது. அதைத் தூண்டிவிடும் ஸ்கிரிப்ட், கிட் (நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவி) களஞ்சியத்தில் இல்லவே இல்லை. ரிலீஸுக்கென்று கட்டிய டார் (தொகுத்த) கோப்பில் மட்டும் இருந்தது. கிட் வரலாற்றை வரிவரியாகப் படித்தவர் கண்ணிலும் பட்டிருக்காது. அதனால் ரிலீஸ் கோப்பை யாரோ ஒருவர் தன் கணினியில் கட்டி ஏற்றும் பழக்கத்தை விடுங்கள். டேக் (பதிப்பு அடையாளம்) போட்ட கமிட்டிலிருந்து, அதாவது கிட்டில் பதிவான மாற்றத்திலிருந்து, தானாக உருவாகட்டும்.

சரி, மெயின் பிரான்ச், அதாவது திட்டத்தின் முதன்மைக் கிளை. அதில் நேரடி புஷ் (மறுபார்வையின்றி கமிட்டை ஏற்றுவது), ஃபோர்ஸ் புஷ் (சர்வரில் உள்ள வரலாற்றை மீறி ஏற்றுவது) இரண்டையும் பூட்டிவையுங்கள், உங்களுக்கும் சேர்த்துத்தான். 2013-இல் ஜென்கின்ஸ் என்ற தானியங்கி பில்ட் மென்பொருள் திட்டத்தில் ஒருவர் கைதவறிச் செய்த ஃபோர்ஸ் புஷ், 180-க்கும் மேற்பட்ட களஞ்சியங்களைப் பழைய நிலைக்குத் தள்ளியது. சொந்த பிரான்ச்சில் வரலாற்றை மாற்றியே ஆக வேண்டுமென்றால் ஃபோர்ஸ்-வித்-லீஸ் என்ற பாதுகாப்பான வகையைப் போடுங்கள். நீங்கள் பார்க்காத கமிட் சர்வரில் இருந்தால் அது மறுத்துவிடும். எடிட்டர் பின்னணியில் சர்வர் நிலவரத்தை ஃபெட்ச் செய்து இழுத்துக்கொண்டிருந்தால் அதுவும் ஏமாறும் என்பது வேறு விஷயம்.

கமிட்டில் இருக்கும் பெயரை அப்படியே நம்பாதீர்கள். கிட் அமைப்பில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம். 2021 மார்ச்சில் பிஎச்பி நிரல்மொழியின் மூல நிரலில் பின்கதவு வைத்த கமிட், அந்த மொழியைத் தொடங்கிய ராஸ்மஸ் லெர்டார்ஃப் பெயரிலேயே வந்தது. விளக்கம்: எழுத்துப்பிழைத் திருத்தம்! டிஜிட்டல் கையொப்பமிட்ட கமிட்களைக் கட்டாயமாக்கினால் இந்த வேலை நடக்காது.

கடவுச்சொல்லோ ஏபிஐ சாவியோ (ஒரு சேவையை அணுகும் ரகசியக் குறியீடு) தவறிப்போய் கமிட்டுக்குள் போய்விட்டால், அடுத்த கமிட்டில் அழித்துப் பயனில்லை. வரலாற்றில் அப்படியே இருக்கும். முதலில் அந்தச் சாவியை ரத்து செய்யுங்கள், வரலாற்றைச் சுத்தம் செய்வது அப்புறம்.

ஒதுங்கிப்போனவர்களின் உரிமையையும் டோக்கன்களையும் (அணுகல் சாவிகளையும்) அவ்வப்போது நீக்குங்கள். திரும்பி வந்தால் மறுபடி கொடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அதற்காக ஒரே ஒரு அட்மினோடு நிற்காதீர்கள். அவர் கணக்கு முடங்கினால் பாதுகாப்புத் திருத்தத்தைக்கூட வெளியிட ஆளிருக்காது.