சீழ் இல்லை என்றால் தொற்று இல்லையா? பயிற்சி மருத்துவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வார்டுக்கு வரும் பயிற்சி மருத்துவர்கள் செய்யும் தவறுகளில் பாதி, நானும் ஒரு காலத்தில் செய்தவை. கை கழுவ மறப்பது போன்றவற்றை மூத்த செவிலியர்களே கண்டித்துத் திருத்திவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சீழைத் தேடிக்கொண்டு நிற்பது

கீமோதெரபி முடிந்த பத்தாம் நாள் ஒருவர் காய்ச்சலோடு வருகிறார். தொண்டையில் சிவப்பில்லை, எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. "பாராசிட்டமால் கொடுத்து நாளை பார்க்கலாம், சார்." போன வாரமும் இதைக் கேட்டேன். எத்தனை முறை கேட்டாலும் கோபம் வருகிறது.

சிவப்பும் வீக்கமும் பெரும்பாலும் கிருமியின் வேலை அல்ல. கிருமியை எதிர்க்கும் உடலின் வேலை. சீழ் என்பதே பெரும்பாலும் மடிந்த நியூட்ரோஃபில் வெள்ளையணுக்கள்தான். எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களை உண்டாக்குகிறது. அவற்றின் ஆயுள் குறைவு. கீமோதெரபி மஜ்ஜையை முடக்கினால் சில நாட்களில் கையிருப்பு தீர்ந்துவிடும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-க்கும் கீழே போனவரிடம் சீழ் எங்கிருந்து வரும்? நிமோனியாவே இருந்தாலும் எக்ஸ்ரேயில் நிழல் விழாமல் போகலாம். எஞ்சியிருக்கும், கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் போன்ற செல்கள் மூளைக்குச் செய்தி அனுப்புவதால் காய்ச்சல் மட்டும் வருகிறது. அந்த ஒரே அடையாளத்தையும் பாராசிட்டமால் அழித்துவிடுகிறது.

என் பயிற்சிக் காலத்தில் ஒருவருக்குக் கழுத்தில் மருந்துக் குழாய் இருந்தது. அதைச் சுற்றி அழுத்தியபோது முகம் சுளித்தார். தோல் வெளிறியே இருந்தது. "சுத்தமாக உள்ளது" என்று எழுதிவிட்டுப் போனேன். இரவு இரண்டு மணிக்கு ரத்த அழுத்தம் சரிந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார். பிழைத்தார். நாட்கள் கழித்து வெள்ளையணுக்கள் ஏறத் தொடங்கியதும் அதே இடம் சிவந்து வீங்கிச் சீழ் வைத்தது. நான் தேடிய அடையாளம், அவர் தேறும்போதுதான் வந்தது.

இப்படிப்பட்டவருக்கு உடல் வெப்பம் ஒரு முறை 38.3 டிகிரி செல்சியஸைத் தொட்டாலும், 38 டிகிரி ஒரு மணி நேரம் நீடித்தாலும் போதும். கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) ரத்தம் எடுத்துவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ரத்தநாளம் வழியாக ஆன்டிபயாடிக் ஏறியிருக்க வேண்டும். முடிவு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வாய், தோல் மடிப்புகள், குழாய் நுழையும் இடம் எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். வலி எங்கே என்று கேளுங்கள். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைக்காதீர்கள். அங்கே ஏற்படும் சிறு கீறலும் கிருமிக்கு வாசல்.

ஸ்டீராய்டை மறப்பது

அது காய்ச்சலை மறைக்கும். வெள்ளையணு எண்ணிக்கையையும் ஏற்றிக் காட்டும். மருந்துச் சீட்டை முதலில் படியுங்கள்.

தடுப்பூசி போட்ட மறுநாளே பாதுகாப்பு என்று சொல்வது

பெரும்பாலானவற்றுக்கு இரண்டு வாரமாவது வேண்டும்.

அனஃபிலாக்சிஸுக்கு (உயிருக்கே ஆபத்தான திடீர் ஒவ்வாமைக்கு) அலர்ஜி ஊசியோடு தொடங்குவது

முதலில் அட்ரினலின். தொடைத் தசையில். உடனே.